பெஞ்சில் மீரான் இடம்

பருத்திக்கு ஒரு வாசம் உண்டு... வெயிலில் காய்ந்த பொதி, பழைய சாக்கு, கொட்டை எல்லாம் கலந்து மூக்கை அரிக்கும். இன்றைக்கும் இங்கிலீஷ் கிராமர் என்றாலே எனக்கு அந்த வாசம்தான் வருகிறது.

காரணம் இருக்கிறது. சங்கரன்கோவிலில் ஒரு பருத்தி கமிஷன் கடை குடோனில்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. எண்பதுகளின் ஆரம்பம். ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து 'படிப்பு கமிட்டி' என்று ஒன்று நடத்தினார்கள். கடைக்கார அண்ணாச்சி, ஒரு பேங்க் கிளார்க், ஒரு இங்கிலீஷ் வாத்தியார்... அவ்வளவுதான் கமிட்டி. காலேஜ் வாசலையே மிதிக்காத வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்து, பாடம் சொல்லிக் கொடுத்து, பிளஸ் டூ முடித்ததும் பாளையங்கோட்டைக் காலேஜில் சேர்த்துவிடுவார்கள். பீஸ், ஹாஸ்டல் எல்லாம் அவர்கள் பாடு.

பொதி மேல் ஏறி உட்கார்ந்துதான் படிப்போம். தும்மிக்கொண்டே பாஸ்ட் டென்ஸ்!

கமிட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. யாரையும் தனியாக அனுப்ப மாட்டார்கள். சோடி சோடியாகத்தான். ஒரே கிளாஸ், ஒரே ரூம், ஒரே பெஞ்சு.

"ஒத்தையா அனுப்புனா ஒரே வாரத்துல பஸ் ஏறி வந்துருதான் வே" என்பார் அண்ணாச்சி. முதல் வருடம் அவர்கள் அனுப்பிய பையன் அப்படித்தான் திரும்பி வந்தான். அப்புறம் அவன் புத்தகத்தைத் தொடவே இல்லை.

எனக்குச் சோடி மீரான். கடையநல்லூரில் அவன் வாப்பா தறி நெய்தார். அவன் இங்கே சாச்சி வீட்டில் தங்கிப் படித்தான். நான் பனவடலிசத்திரத்து ஆட்டுக்காரர் மகன். அவனுக்குக் கணக்கு வராது, எனக்கு இங்கிலீஷ் வராது... பொருத்தமான சோடிதான்.

ரெண்டு பேருக்கும் அட்மிஷன் கிடைத்தது. காலேஜ் திறக்கிற நேரத்தில் மீரானுக்கு அவன் மாமா சவுதியிலிருந்து விசா அனுப்பிவிட்டார். வீட்டில் மூன்று குமரிப் பிள்ளைகள். அவன் என்ன செய்வான்?

கமிட்டி கூடிப் பேசியது. என்னை அடுத்த வருடம் வேறு சோடியோடு அனுப்பலாம் என்றார்கள். அடுத்த வருடம் என்றால் அப்புறம் எனக்கு ஆடுதான், தெரியும். அப்பா குடோன் வாசலிலேயே நின்றபடி சொன்னார்:

"காட்டுல ஆட்டோட ஒத்தையில கெடந்து பழகுன பய அண்ணாச்சி. இருந்துருவான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "இருந்துருவியாலே?"

"இருந்துருவேன்" என்றேன். உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது.

முதல் நாள் மீரானும் கூட வந்தான். சாயங்காலம் அவனுக்குத் திருநெல்வேலியில் ரயில். "ஏலே, ஒரு நாளாவது காலேஜ்ல உக்காந்துட்டுப் போறேன்" என்றான். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தோம். பெயர் கூப்பிட்டதும் அவன் போட்ட "பிரசண்ட் சார்" சத்தத்தில் கிளாஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளும் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நாளைக்கு வருவான் சார்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தினமும் அதையே சொன்னேன். ஒரு நாள் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். நான் மட்டும் பையை அவன் இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காட்டில் ஆடாவது கத்தும். இங்கே சுற்றிலும் அவ்வளவு பேர் இருந்தும் என்னிடம் பேச ஆள் இல்லை. மெஸ்ஸில் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்துவிடுவேன். வகுப்பில் பாதி புரியாது... யாரிடம் கேட்பது? வீட்டில் போய்ச் சொன்னாலும் என்ன சொல்கிறேன் என்றே அவர்களுக்குத் தெரியாது.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊரே நினைப்பாக இருந்தது. அம்மன் சப்பரத்தின் மேல் பருத்தியும் மிளகாய் வத்தலும் வீசுகிற கூட்டம் கண்ணுக்குள்ளேயே நின்றது. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். தபசு பார்க்க மட்டும் போகிறவன் பெட்டியோடு போவானா?

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தேன். பழக்க தோஷம், பையைப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன். கூட்டம் நெருக்கியது.

"தம்பி, பைய எடும். பக்கத்துல ஆளு வருதா?" என்றார் கண்டக்டர்.

"வருவான்."

"எப்பய்யா வருவான்? வண்டி எடுக்கப் போறோம்!"

அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. அவன் வரமாட்டான். நானும் போய்விட்டால் அந்த பெஞ்சில் ரெண்டு இடமும் காலி. அண்ணாச்சி சொன்னதுதான் சரி என்றாகிவிடும். சோடியில் ஒருத்தன் மீரான் மாதிரி விலகினால், மற்றவனையும் இனி அனுப்பவே மாட்டார்கள்...

பெட்டியோடு இறங்கிவிட்டேன். கண்டக்டர் என்னை ஏதோ திட்டினார். அந்த வருடம் தபசு பார்க்கவில்லை.

மூன்று வருடமும் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கேட்டவர்களிடம் ஆள் இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அந்த குடோன் செல்போன் கடை. தனியாகப் போகிற பிள்ளைகளும் ராத்திரி வீடியோ காலில் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறார்கள். நல்லதுதான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் மீரான் சவுதியை முடித்துக்கொண்டு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு கடையநல்லூர் போனேன். அவன் கடைசி மகள் அப்போது காலேஜ் சேர இருந்தாள். டீ கொண்டு வந்து வைத்துவிட்டு ஆசையாகக் கேட்டாள்:

"மாமா, நீங்களும் வாப்பாவும் காலேஜ்ல ஒண்ணாப் படிச்சீங்களாமே?"

அவள் பின்னால் நின்ற மீரானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... நரைத்த தாடியோடு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி முழித்தான்.

"ஆமா மக்கா" என்றேன். "மூணு வருஷமும் உங்க வாப்பா இடம் என் பக்கத்துலதான்."

மீரான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டீ ஆறுதுலே... குடி" என்றான்.