கேட்ட மன்னிப்பு

பால் சேகரிக்கும் நிலையத்தில் எனக்கு வேலை. காலையில் கான்களோடு வருகிறவர்கள் எல்லாரும், நான் கேட்காமலே, "தண்ணி ஒரு துளி இல்ல" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். நான் கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பேன். இந்த வேலைக்கு வந்தபிறகு இந்தக் குணம் வந்ததா, இந்தக் குணம் இருந்ததால்தான் இந்த வேலையில் நிலைத்தேனா, தெரியாது. மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். யாராவது அழுதால் எனக்கு இரக்கத்துக்கு முன்னால் கேள்விதான் வரும். ஏன் இப்போது அழுகிறார், யார் பார்க்க அழுகிறார்.

ஆகவே அக்கா அந்த நிகழ்ச்சிக்குப் பைத்தியமானபோது எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அக்காவுக்கு ஒரே மகன். அத்தான் கட்டாரில் வேலை. தேற்றாத்தீவில் அக்காவின் வளவும் என் வளவும் அடுத்தடுத்து இருப்பதால் அவன் வளர்ந்தது இரண்டு வீட்டிலும்தான். பதினாறு வயதில், வயல் வேலைக்கென்று உன்னிச்சைப் பக்கம் போனான். அங்கே பழக்கமான இரண்டு பொடியன்களோடு மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது பொலிஸ் மறித்தது. நடுவில் இருந்த இவன் மடியில், சாக்கில் சுற்றிய தண்ணி மெசின். வட்டையில் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருக்கிற ஒரு போடியாரிடமிருந்து களவு போன, நீர் இறைக்கிற மெசின் அது. மற்ற இருவரும் பற்றைக்குள் பாய்ந்து ஓடிவிட்டார்கள். இவன் மெசினைக் கட்டிப்பிடித்தபடி நின்றான்.

அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம். நன்னடத்தை அலுவலர் கொடுக்கும் அறிக்கையைப் பார்த்துத்தான் நீதவான் அவனை வீட்டுக்கு விடுவதா, இன்னும் வைத்திருப்பதா என்று முடிவு செய்வார் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பில்லை. பிள்ளை வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

யாரோ அவளுக்கு அந்த நிகழ்ச்சியைப் போனில் அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டில், சிறையில் இருக்கும் பிள்ளைகளை வைத்து எடுத்தது. இந்தியாவில் தமிழ்க் குரல் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை. தொடக்கத்தில் அந்தப் பிள்ளை, "நான் அதைச் செய்யவில்லை" என்று சொல்லும். உடனே ஒரு மாதிரி இசை. பின்னால் ஒரு கனத்த குரல், "இவன் இன்னும் தன் தவறை ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை" என்று சொல்லும். கடைசியில் தாய் வருவாள். பிள்ளை இரண்டு கைகளையும் மேசையில் கவிழ்த்து வைத்து, மெதுவாகத் திருப்பி விரித்து, "அம்மா, நான் உங்களை ஏமாற்றிவிட்டேன். எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று அழும். அதன் பிறகு குடும்பங்களுக்கான பாடம் என்று திரையில் ஒன்று எழுதிக் காட்டுவார்கள்.

நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டைதான். தாய் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறாளாம், ஆனால் அவள் கதவைத் திறக்கும்போது கமரா உள்ளே நின்று அவள் முகத்தைப் பிடிக்கிறது. அழுகிறவனின் சேட்டுக் கொலர் ஒருமுறை உள்ளே மடிந்திருக்கிறது, மறுமுறை வெளியே இருக்கிறது. ஒரே கண்ணீரை இரண்டு தரம் காட்டுகிறார்கள். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அக்காவுக்குக் கோபம் வந்தது.

"உனக்குப் பாலிலயும் தண்ணி, கண்ணீரிலயும் தண்ணி" என்றாள். "கொஞ்சம் பேசாம இரு புள்ள. நான் படிக்கிறன்."

உண்மையாகவே படித்தாள். ஒரு வாரம், குடும்பமாக ஒரே மேசையில் இருந்து சாப்பிடுங்கள் என்று பாடம் வந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் மேசையில் சாப்பிட்ட பழக்கமில்லை. சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு அவரவருக்கு வசதியான இடத்தில் இருந்து சாப்பிடுவோம். அக்கா காத்தான்குடிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் மேசையும் கதிரைகளும் வாங்கி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். இன்னொரு வாரம், பிள்ளையை மன்னித்துவிட்டதாக வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று வந்தது. அதைத் தேங்காய் துருவும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

அடுத்த முறை அவனைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஒரு சின்ன அறை, ஒரு மேசை. அலுவலர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், நல்ல மாதிரித்தான் பேசினார். அவனை உள்ளே கூட்டி வந்து இருத்தினார்கள். மெலிந்திருந்தான். அக்கா கதவடியில் நின்றபடியே, "மகன், நான் உன்ன மன்னிச்சிட்டன்" என்று தொடங்கி, பழகி வைத்திருந்த அத்தனையையும் தட்டாமல் சொல்லி முடித்தாள்.

அவன் தாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் மேசையில் கவிழ்த்து வைத்தான். மெதுவாகத் திருப்பி விரித்தான்.

"அம்மா, நான் உங்களை ஏமாற்றிவிட்டேன். எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்."

அப்படியே, சொல்லுக்குச் சொல். அக்கா ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அலுவலரின் கண்ணும் கலங்கியது. "நாங்க இவங்களுக்கு ஒரு நிகழ்ச்சி போட்டுக் காட்டுறம்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். "அதுக்குப் பிறகு பிள்ளைகள் நல்லா மாறியிருக்காங்க." எந்த நிகழ்ச்சி என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அலுவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க சின்னம்மாதானே. உங்களுக்கு எப்பிடித் தெரியுது, திருந்திட்டாரா?"

நடிக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். களவும் எடுத்துவிட்டு, அதற்குக் கொஞ்சமும் வருந்தாமல், படம் பார்த்துப் பாடமாக்கியதை ஒப்பிக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். சொன்னால் அவன் அங்கேயே கிடப்பான். அக்கா தூரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஓம் மிஸ், திருந்திட்டான் போலதான் கிடக்கு" என்றேன். அந்தப் பொய்க்கு அவன் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு விட்டார்கள். வந்த கிழமையே அக்கா அவனை உன்னிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போடியாரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தாள். அதுவும் ஒரு வாரத்துப் பாடம்தான். போடியார் வீட்டு மேசையிலும் கையைக் கவிழ்த்து விரித்தானாம். போடியார் அவன் தலையைத் தடவி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாராம். அக்கா அந்தக் கதையை வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னாள். அவள் முகம் அவ்வளவு தெளிந்திருந்ததைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

நான் மட்டும் அவனை விடாமல் கவனித்தேன். நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது விசிலடித்தான். தப்புச் செய்தவன் இப்படியா இருப்பான் என்று எனக்குள் எரிந்தது. ஒருநாள் அவன் என் வீட்டுக்குள் வந்தபோது, மேசையில் கிடந்த கைப்பையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவன் அதைப் பார்த்தான். பார்க்கட்டும் என்றுதான் பூட்டினேன்.

அவன் திரும்பிக் கிணற்றடிக்குப் போனான். நானும் பின்னால் போனேன்.

"உனக்கு உள்ளுக்க ஒரு கவலையும் இல்ல" என்றேன். "கைய விரிக்கிற விளையாட்டு அம்மாவோட இருக்கட்டும். அந்தப் படத்த நானும் பாத்த நான்."

அவன் அள்ளிய வாளியைக் கீழே வைத்தான். "எடுக்காத சாமானுக்கு என்னெண்டு சின்னம்மா கவலப்படுற?"

அவன் குரல் அப்போதுதான் எங்கள் வீட்டுக் குரலாக இருந்தது.

"மெசின் பழுது, திருத்தக் கொண்டுபோறம், மடியில வெச்சிக்க எண்டானுகள். நானும் வெச்சிக்கொண்டு வந்த நான். அவ்வளவுதான்."

"அத ஏன் அங்க சொல்லல்ல?"

"சொன்ன நான். பொலிஸிலயும் சொன்ன, மிஸ்ஸிட்டயும் சொன்ன. முதல்ல எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க எண்டு மிஸ் சொன்னா. மறுகா அந்தப் படத்தப் போட்டாங்க. அதுல செய்யல்ல எண்டு சொல்றவன் ஒருத்தனும் வீட்ட போறல்ல சின்னம்மா. அழுது மன்னிப்புக் கேக்கிறவன்தான் போறான். எனக்கு வீட்ட வரணும்."

"அம்மாட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அம்மா கேக்கல்லயே. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லிக்கொண்டுதானே உள்ளுக்க வந்தவ."

கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தேன். அந்த நிகழ்ச்சியில் கமராவைச் சந்தேகப்பட்டேன், கொலரைச் சந்தேகப்பட்டேன், கண்ணீரைச் சந்தேகப்பட்டேன். அதில் வந்த பிள்ளைகள் எல்லாம் தப்புச் செய்தவர்கள்தான் என்பதை மட்டும் அப்படியே விழுங்கியிருக்கிறேன். அவர்களில் ஒருவனாவது தொடக்கத்தில் சொன்னது உண்மையாக இருந்திருக்கலாம். அந்த இசையை மீறி எனக்கு அது கேட்கவே இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையிடமும், எடுத்தாயா என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அவன் சொன்னதை அந்த நிமிடமே முழுதாக நம்பினேனா என்று கேட்டால், இல்லை. என் குணம் அப்படி ஒரு நாளில் போகாது. சாக்கில் சுற்றியிருந்ததைப் பார்த்தும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று இன்றைக்கும் இடைக்கிடை நினைப்பேன். ஆனால் அவனிடம் ஒருவர் கேட்கவேண்டும், அது நானல்ல என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். புது மேசையில் சோறும் இறால் கறியும் வைத்திருந்தாள். மூன்று பேரும் இருந்தோம்.

"அக்கா, இவனிட்ட ஒண்டு கேளு" என்றேன். "மெசின எடுத்தியா எண்டு கேளு."

"இப்ப என்னத்துக்கு அந்தக் கத? அதுதான் எல்லாம் முடிஞ்சுதே."

"நீ ஒருநாளும் கேக்கல்ல. நானும் கேக்கல்ல. ஒருக்காக் கேளு."

அக்காவின் அகப்பை சட்டிக்கு மேலேயே நின்றது. என்னோடு சண்டை பிடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நீயா மகன் எடுத்த?"

அவன் கையை விரிக்கவில்லை. ஒரு கை சோற்றில் இருந்தது, மற்றது மடியில் இருந்தது.

"இல்லம்மா" என்றான். கிணற்றடியில் எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னான்.

அக்கா அழவில்லை, அவனைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. அந்த நிகழ்ச்சியில் வந்த தாய்மார் செய்த ஒன்றையும் அவள் செய்யவில்லை. அகப்பையைச் சட்டியில் வைத்தாள். கையைக் கழுவினாள். உள்ளே போய்ச் சீலையை மாற்றிக்கொண்டு, குடையோடு வெளியே வந்தாள்.

"எங்க போறாய் இந்த வெயிலுக்க?" என்றேன்.

"உன்னிச்சைக்கு" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே மகனைப் பார்த்து, "நீ சாப்பிட்டு முடி. நான் போய் நாங்க கேட்ட மன்னிப்பத் திருப்பி வாங்கிக்கொண்டு வாறன்."