புற்றடியில் மஞ்சள் பூசிய பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்குமாம். கண்டமங்கலம் பக்கத்தில் களையெடுத்துப் பிழைக்கும் சின்னபொண்ணு படையில் சேர்த்தியில்லை. மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லை ஓரத்துப் புற்றடியில் ஒரு பாம்பு பந்தாகச் சுருண்டு, தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு கிடந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். சீறவில்லை, கடிக்கவில்லை. அம்மனே வந்துவிட்டாள் என்று வெள்ளிதோறும் அதன் முதுகில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

வனத்துறை நெடுஞ்செழியன் தேடி வந்தார். அது ஆப்பிரிக்க மலைப்பாம்பு, விஷமில்லாதது, யாரோ பண்ணை வீட்டில் வளர்த்தது தப்பிவிட்டது, பார்த்தீர்களா என்று கேட்டார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாக இல்லையென்று சாதித்தாள் சின்னபொண்ணு. எல்லாம் மருமகள் கவிதாவுக்காக. கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தையில்லை. ஊர் வாய்க்கு அவள்தான் அவல். ஆடி வெள்ளியில் அம்மனைத் தொட்டுப் பொட்டு வைத்தால் மடி நிறையும் என்று நம்பி, பித்தளைத் தட்டில் மஞ்சள் குங்குமத்தோடு அவளைப் புற்றுக்குக் கூட்டிப் போனாள்.

பாம்பு சுருண்டுதான் கிடந்தது. போன வாரம் பூசிய மஞ்சளைக் காணோம். சட்டை உரித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தலை வெளியே தெரிந்தது. அதற்கும் மனசு ஒரு சமாதானம் சொன்னது.

“பயமா கீது அத்தை.”

“நம்ப அம்மாதான். ஒண்ணும் பண்ணாது, வையி.”

குங்குமம் தொட்ட கவிதாவின் விரல் நீண்டது. குக்கரில் ஆவி பீறுவதுபோல் ஒரு சீற்றம், நிற்காமல். கரும்பு வெட்டப் போன இடங்களில் அந்தச் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறாள் சின்னபொண்ணு. கண்ணாடிவிரியன்.

மருமகளின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். பாம்பு பாய்ந்து, பித்தளைத் தட்டில் மோதியது. இருவரும் வரப்பில் விழுந்தார்கள். கவிதாவின் விரல் நுனி சிவந்திருந்தது. சின்னபொண்ணு அந்த விரலைப் பற்றினாள். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். குங்குமம்தான். அதன் பிறகுதான் அழுதாள்.

அவளே வனத்துறைக்குப் போன் செய்தாள். ஆட்கள் வந்து விரியனைப் பிடித்தார்கள். மற்றது பம்ப்செட் கொட்டகை மூலையில் கிடந்தது, முதுகில் மஞ்சளோடு. நெடுஞ்செழியன் தூக்கியதும் பயந்து பந்தாகச் சுருண்டது.

“இத்த இட்டுக்கினு போங்க சார். இது ஒரு பாவமும் அறியாது. நான்தான் புள்ளய கொல்லப் பாத்தேன்.”

அவர் அதைப் பையில் போடுமுன் கொஞ்சம் நிற்கச் சொன்னாள். முந்தானையை நனைத்து, முதுகிலிருந்த மஞ்சளைத் துடைத்துவிட்டாள்.