‘செரிங்க’ இல்லாத மொழி

என் மனைவி என்னை விட்டுப் போகப்போகிறாள் என்பதை முதன்முதலில் நான் ஆங்கிலத்தில்தான் கேட்டேன். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். சொல்லி முடித்ததும் வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

அந்த வகுப்பில் நாங்கள் சேர்ந்ததற்குக் காரணம் நான்தான். மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். பழைய முதலாளி இருந்தவரை தமிழில் பேசி, தமிழில் திட்டு வாங்கி நிம்மதியாக இருந்தேன். அவர் மகன் பொறுப்புக்கு வந்ததும் கென்யாவிலிருந்தும் துபாயிலிருந்தும் போன் வர ஆரம்பித்தது. நான் படிப்பாளிதான். வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூட ஆங்கிலப் புத்தகம் கிடக்கும். ஆனால் படிக்கிற ஆங்கிலம் கண் வழியாகப் போய் எங்கோ தங்கிவிடுகிறது, வாய்க்கு வருவதில்லை. கென்யாக்காரரிடம் ஒருநாள் “யெஸ், யெஸ்” என்று சொல்லிக்கொண்டே இருந்ததில், எங்கள் கம்பெனி செய்யாத ஒரு மாடலுக்கு நான் ஆர்டர் எடுத்துவிட்டேன். மறுநாளே சின்ன முதலாளி வகுப்பு விளம்பரத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். கூடவே ஒரு கும்பிடும் போட்டிருந்தார்.

அந்த இன்ஸ்டிட்யூட்டில் ஆடித் தள்ளுபடி மாதிரி ஒன்று இருந்தது. இரண்டாவது ஆளுக்குப் பாதிக் கட்டணம். எங்கள் மகள் கல்யாணமாகி பெங்களூரு போயிருந்தாள். “ஊட்டுல சும்மாதானே இருக்கறே, நீயும் வாயேன்” என்றேன். “செரிங்க” என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து நான் எது சொன்னாலும் அவள் சொல்லும் பதில் அதுதான். எங்கள் ஊர்ப்பக்கம் ‘ங்க’ போடாமல் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, திட்டுவதுகூட இல்லை. அதனால் ஒருவர் ஒப்புக்கொள்கிறாரா, மரியாதை கொடுக்கிறாரா என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. எனக்குச் சுத்தமாகக் கிடையாது.

நுழைவுத் தேர்வு எழுதியதும் எங்கள் இரண்டு பேரையும் ‘அப்பர் இன்டர்மீடியட்’ என்றார்கள். மேல்நடுத்தரம். சம்பளத்தில் எட்டாதது இங்கே எட்டியது என்று வீடு வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிலையில் புதிய சொற்கள் அதிகம் இல்லை. எல்லாம் தெரிந்த சின்னச் சின்ன வினைச்சொற்கள்தான். கெட், டேக், புட், டர்ன். சிக்கல் என்னவென்றால், பக்கத்தில் ஒரு துணுக்கு ஒட்டியதும் ஆளே மாறிவிடும். ‘புட்’ என்றால் வைப்பது. ‘ஆஃப்’ சேர்ந்தால் தள்ளிப்போடுவது. ‘அப் வித்’ சேர்ந்தால் சகித்துக்கொள்வது. காந்திபுரத்தில் ஏறும்போது உக்கடம் என்று போர்டு இருந்த பஸ், நடுவழியில் வேறு எங்கோ போவது மாதிரி. நான் ஒவ்வொரு தடவையும் தவறான நிறுத்தத்தில் இறங்கினேன். மனைவி சரியாக இறங்கினாள். அவள் கணக்கில் பட்டம் வாங்கியவள் என்பது வகுப்பில் டீச்சர் கேட்டபோதுதான் எனக்கே மறுபடி ஞாபகம் வந்தது.

டீச்சருக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். ஒரு சாயங்காலம் மூன்று சொற்களைப் போர்டில் எழுதினார். ஜோடி ஜோடியாக எழுந்து, ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், மற்றவர் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து பதில் சொல்ல வேண்டும். தமிழ் பேசக் கூடாது. பெயர் சொல்லித்தான் பேச வேண்டும்.

“அவரு பேரச் சொல்ல மாட்டேனுங்க மேடம்” என்றாள் மனைவி.

“அப்ப ‘மை பார்ட்னர்’னு சொல்லுங்க ஆண்ட்டி.”

திருப்பூர்ப் பனியன் கம்பெனிப் பார்ட்னர்கள் போல நானும் அவளும் எதிரெதிரே நின்றோம். நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள்.

நீ எதைத் தள்ளிப்போட்டாய்? வேலைக்குப் போவதை. மகள் பிறந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். மாமியார், அதாவது என் அம்மா, இடுப்பொடிந்து படுத்த வருஷம் இன்னொரு இடத்தில் கூப்பிட்டார்கள்.

எதைச் சகித்துக்கொண்டாய்? மை பார்ட்னரின் ஜோக்குகளை, என்றாள். வகுப்பு சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

எதை ஆவலோடு எதிர்பார்க்கிறாய்? ஜூன் மாதத்தை. குன்னூரில் ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூலில் ஹாஸ்டல் வார்டன் வேலை கிடைத்திருக்கிறது. போனில் இன்டர்வியூ எடுத்தார்கள். அங்கேயே தங்க வேண்டும். போகிறேன்.

“எக்ஸலன்ட்! ஒரு டென்ஸ்கூட மாறலே பாருங்க” என்றார் டீச்சர். அதற்குத்தான் எல்லாரும் கைதட்டினார்கள். என்னைப் பார்த்து, “சார், இப்ப நீங்க ஒரு ஃபாலோ அப் கொஸ்டின் கேக்கோணும்” என்றார். எனக்குத் தெரிந்த எல்லா வினைச்சொற்களும் ஒரே சமயத்தில் வாய்க்குள் வந்து அடைத்துக்கொண்டன. “வெரி நைஸ்” என்று சொல்லி உட்கார்ந்தேன்.

சுந்தராபுரம் போகும் டவுன் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சீட் கிடைத்தது. உக்கடம் குளம் தாண்டியதும் கேட்டேன்.

“நிசமாலுமா?”

“நிசமுங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“சொன்னேனுங்க. வேலைக்குப் போலாமான்னு இருக்குதுன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். பாக்கலாம் பாக்கலாம்னீங்க. நானும் செரிங்கன்னேன்.”

“அதுக்கு ஊரக் கூட்டி வெச்சா சொல்லுவாங்க?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “தமிழ்ல உங்ககிட்ட எதையும் முழுசாச் சொல்ல வரமாட்டேங்குதுங்க. சொல்றதுக்குள்ள செரிங்கன்னு வந்துருதுங்க. இங்கிலீஷ்ல அந்த வார்த்தயே இல்ல பாருங்க, அதனால வந்துருச்சு.”

பதிலுக்கு ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை. அவள் சிரிக்காதது மட்டும் நினைவிருக்கிறது.

ஜூனில் போனாள். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் ஊட்டி பஸ்ஸில் ஏற்றினேன். ஒரு வருஷம் பார்த்துவிட்டு அலுத்துப்போய் வந்துவிடுவாள் என்று எல்லாரிடமும் சொன்னேன், எனக்கும் சேர்த்துத்தான். காலாண்டு லீவுக்கு வரவில்லை. சில பிள்ளைகள் ஊருக்குப் போகவில்லையாம், கூட இருக்க வேண்டுமாம். தினமும் போனில் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். எப்போது வருகிறாய் என்று கேட்டால் “பாக்கலாமுங்க” என்றாள். அந்தச் சொல்லை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிக் குன்னூர் போனேன். கேட்டில் செக்யூரிட்டி மடக்கினார்.

“ஏனுங்க, எந்தப் புள்ளையோட அப்பா நீங்க?”

“வார்டனோட ஊட்டுக்காரர்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மேடத்துக்கு ஊட்டுக்காரர் இருக்காருங்களா?” என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே உட்கார வைத்தார்.

அவள் சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்தாள். வழியில் இரண்டு சிறுமிகள் ஓட, நின்று திரும்பி அவர்களிடம் ஏதோ சொன்னாள். ஆங்கிலத்தில், யோசிக்காமல். அவர்கள் ஓட்டத்தை நிறுத்தி நடந்தார்கள். எங்கள் வீட்டில் அவள் சொல்லி யாரும் எதையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

“மெலிஞ்சுபோட்டீங்க” என்றாள், டீயை நீட்டிக்கொண்டே.

“ஹோட்டல்காரங்களும் அதேதான் சொல்றாங்க. பாதிய எலையிலயே வெச்சிட்டு எந்திரிக்கறனாம்.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, “தீபாவளிக்கு வந்துருவியல்ல?” என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “வரலீங்க.”

“செரி, பொங்கலுக்கு வா.”

“இல்லீங்க. பொங்கலுக்கும் இல்லீங்க, அப்பறமும் இல்லீங்க. எனக்கு இங்கயே இருக்கோணுமாட்ட இருக்குதுங்க.”

“எம்மேல கோவமா?”

“இல்லீங்க. கோவமா இருந்தாப் பரவால்லீங்க, தீந்துபோயிரும்.”

தமிழில்தான் சொன்னாள். ஒவ்வொரு வரியிலும் எனக்கு உண்டான மரியாதையைப் போட்டு, நிறுத்தி, முழுசாகச் சொன்னாள். இந்தத் தடவை அவளுக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. வெளியே மணி அடித்தது. எழுந்தவள், வாசல்வரை வந்து, “பீரோவுல பட்டுச்சேலையெல்லாம் சும்மாதான் கெடக்குதுங்க. தங்கச்சிக்குக் குடுத்துருங்க. பூச்சி அரிச்சுப்போடும்” என்றாள்.

என் தங்கை வெள்ளகோவிலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போன் செய்தேன், ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கட்டிலில் சேலைகளைப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவர்கள் இருவரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி.

“ஏனுங்ணா, நங்கையா எப்ப வர்றாங்க?”

அதுவரை கேட்ட எல்லாரிடமும் லீவு கிடைக்கவில்லை என்றுதான் சொல்லிவந்தேன். அந்தப் பதில்தான் நாக்கில் தயாராக நின்றது.

“இனி வர்றதில்ல அம்மணி.”

“வெளையாடாதீங்கண்ணா.”

“வெளையாடலே.”

அவள் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து மறுபடி பீரோவுக்குள் வைக்க ஆரம்பித்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து அவள் பைக்குள் வைத்தேன். “எனக்கு வேண்டாமுங்ணா, இங்கயே கெடக்கட்டும்” என்றாள். “அவ குடுக்கச் சொன்னா” என்றேன். கொஞ்ச நேரம் இப்படியே நடந்தது. கடைசியில் அவள் கை ஓய்ந்துவிட்டது. பையின் ஜிப்பை நான்தான் இழுத்து மூடினேன். பீரோவில் ஒரு தட்டில் என் வேட்டிகள் இருந்தன, மற்றத் தட்டுகளில் ஒன்றும் இல்லை.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள் தங்கை. ஆனால் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை.