வெறுங்குண்டு

தோட்டா அடைக்க உட்கார்ந்தால், வென்டல் ஹாஸ்டெட்டர் முதலில் கொட்டகைத் தொலைபேசியின் வயரைப் பிடுங்கிவிடுவார். அடுத்து வானொலியை அணைத்து, நாயைக் கொட்டகைக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்துவார். மேஜைமேல் ஒரே ஒரு வெடிமருந்து டப்பாதான் இருக்கலாம். இரண்டாவதாக ஒன்று இருந்துவிட்டால், அது காலி டப்பாவாகவே இருந்தாலும், அதை யாராவது எடுத்து வைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"ரெண்டு டப்பா இருந்தா ரெண்டு யோசனை வரும். இந்த வேலைக்கு ஒரு யோசனை போதும்," என்பார்.

அவர் கையாள்வது கருமருந்து. கந்தகம், கரி, வெடியுப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சுட்ட நீளத் துப்பாக்கிகளுக்கு அதைத் தவிர வேறெதையும் போடக்கூடாது. இந்தக் காலத்து வேட்டைத் துப்பாக்கிக்குரிய புகையில்லாத மருந்து தவறிக்கூட உள்ளே வந்துவிடக் கூடாதென்று, மான் வேட்டைக்குப் போய்த் திரும்பும் சொந்த மைத்துனனையே, "அதையெல்லாம் வண்டியில வச்சுட்டு வா. உன்ன மட்டும் உள்ள விடறேன்," என்று வாசலில் நிறுத்துவார்.

துளையிட்ட மரப்பலகையில் அட்டைக்குழாய்கள் தலைகீழாக நிற்கும். அவரே காகித அட்டையைச் சுருட்டி ஒட்டிய குழாய்கள். அந்தப் பழைய துப்பாக்கிகளால் சுட்டுப் போட்டியிடும் மற்ற அணிகள் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிட்டன. அது அவருக்குப் பிடிக்காது. ஒரு குழாயை நிமிர்த்துவார். பித்தளைக் குப்பியில் மருந்தை அளந்து, விளிம்பை வழித்து, குழாயில் கொட்டுவார். ஒரு தட்டு. அடுத்த குழாய். எல்லாம் நிமிர்ந்ததும் மேஜைவிளக்கை இழுத்து, ஒவ்வொரு குழாயின் வாயிலும் குனிந்து பார்ப்பார். பிறகுதான் கொழுப்பும் தேன்மெழுகும் தடவிய ஈயக்குண்டை வாயில் வைத்து அழுத்துவார். அந்தக் கொழுப்பு வாடை அவருடைய எல்லாச் சட்டைகளிலும் உண்டு. கல்யாணத்தன்று கோட்டிலும் இருந்தது என்று அவர் மனைவி லோரீன் சொல்வாள்.

பென்சில்வேனியாவின் அந்த மேடுபள்ளப் பாதைகளில் ஓய்வு பெறும்வரை பால் லாரி ஓட்டியவர் வென்டல். பிரேக்கை அழுத்தி மிதித்தால் உள்ளே பால் அலைமோதும் என்று, வளைவு வருவதற்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறவர். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே களைத்துப்போவார்கள். இன்றும் காரை அப்படித்தான் ஓட்டுகிறார். ஊறுகாய்ப் பீட்ரூட்டில் போட்ட சிவந்த அவித்த முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு பேசுவார். யாருடைய பிறந்த நாளும் ஞாபகமில்லை. ஆனால் மில் கிரீக் அணியில் யாருடைய துப்பாக்கிக் குழல் எத்தனை தேய்ந்திருக்கிறது, யாருடையதுக்கு எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்பதெல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்லுவார்.

தோளில் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து அவர் சுடுவதில்லை. ஆனாலும் போட்டி நாளில் அந்தப் போர்க்காலச் சிப்பாயின் நீலக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, பித்தளைப் பொத்தான்களைத் துடைத்து, அணியோடு வரிசையில் நிற்கிறார். சுடாத ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை. எட்டுப் பேரும் சுடுவது அவர் அடைத்துக் கொடுக்கும் தோட்டாவைத்தான். வரிசையில் அவருக்கு இடம் கிடைத்தது அந்த அட்டைக்குழாய்களால்.

சென்ற குளிர்காலத்தில் நாய் பருத்தது. மிருக வைத்தியர் தீனியைக் குறைக்கச் சொன்னார். ஒரே காலையில் வென்டல் அதற்கு மூன்று முறை தீனி வைத்ததை லோரீன் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். அவள் ஒருவரிடமும் எதுவும் சொல்லவில்லை. தீனி மூட்டையைத் தூக்கி உயரமான அலமாரியில் வைத்தாள்.

மே மாதப் போட்டியில் தொங்கவிட்ட மண்சட்டிகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தோடு போட்டி. குழாயை உடைத்து மருந்தைக் கொட்டு, குண்டை இறக்கு, கம்பியால் இடி, பொறி கிளப்பும் கேப்பு வை, சுடு. கோழிப்பண்ணைக்காரி கார்லா யிங்கர் விசையை இழுத்தபோது கேப்பு மட்டும் பட்டென்றது. புகையில்லை, சத்தமில்லை.

இதற்கு அந்த வட்டாரத்தில் வெறுங்குண்டு என்று பெயர். மருந்தில்லாமல் குண்டை மட்டும் குழலில் இறக்கிவிடுவது. ஆபத்தில்லாத தவறு, மானம் மட்டும்தான் போகும். திருகுமுனைக் கம்பியை உள்ளே விட்டு, ஈயத்தைக் குடைந்து, எல்லோர் முன்னாலும் குண்டை வெளியே பிடுங்க வேண்டும். தவறியவர் அடுத்த போட்டிக்கு, வெல்லப்பாகு ஊற்றிச் சுடும் 'பை' என்ற பலகாரம் ஒன்று செய்து கொண்டுவர வேண்டும்.

"பல் டாக்டர் வந்தாச்சுய்யா," என்றார் மெர்ல் லவ். அணியில் வென்டலின் வயதுக்காரர் அவர் ஒருவர்தான். "கார்லா, பாகு கொஞ்சம் தாராளமா ஊத்து. போன தடவ மாவுதான் இருந்துச்சு."

"போன தடவ பை கொண்டுவந்தது நீங்கதானே," என்றாள் கார்லா.

சிரிப்பு அடங்குவதற்குள் மெர்லுடைய துப்பாக்கியும் பட்டென்றது. அவருக்கும் வெறுங்குண்டு. இரண்டு பை. பக்கத்து அணிக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். வென்டலும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கார்லாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். உடைத்த குழாயைக் கையில் கவிழ்த்தாள். உள்ளங்கையில் கரித்தூள்கூட ஒட்டவில்லை.

"நான் கொட்ட மறக்கல," என்றாள். "இதுல மருந்தே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி அணித் தலைவன் டேல் க்ரோனிடம் கேட்டாள்: "அப்ப இதுக்கு அளந்த மருந்து எங்க போச்சு?"

டேல் கையை உயர்த்தினான். எட்டுத் துப்பாக்கிகளும் தரைக்கு வந்தன.

வென்டலுக்கு அவர்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. தானே வண்டிக்குப் போய்த் தராசை எடுத்துவந்து பின்கதவுப் பலகையில் வைத்தார். மிச்சமிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்தார். கார்லாவின் பெட்டியில் இருந்த ஒரு குழாயை வைத்ததும் தட்டு தடாலென்று கீழே போனது. அதை எடுத்துத் திரும்ப வைத்தார். மறுபடியும் தடாலென்றது. ஒரு குழாயில் இரட்டை மருந்து. அவள் அடுத்துச் சுட எடுத்திருக்கக்கூடியது. நூற்றறுபது வருஷத்து இரும்பு அதைத் தாங்கலாம். முகத்துக்குப் பக்கத்தில் பிளக்கவும் பிளக்கலாம்.

மெர்லுடைய பெட்டியில் எடை தவறிய குழாய் ஒன்றும் இல்லை. அது நல்ல செய்தியல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்; அப்படியானால் இரட்டை மருந்தை அவர் ஏற்கெனவே சுட்டுவிட்டார். மெர்ல் மெதுவாகக் கோட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டையைத் தோளிலிருந்து விலக்கிக் காட்டினார். கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

"ரெண்டாவது சூடு குதிர உதைச்ச மாதிரி இருந்துச்சு," என்றார். "எனக்கு வயசாயிடுச்சாக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

வென்டல் அந்தத் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே டேல் அவர் வீட்டுக்கு வந்தான். அணி கூடிப் பேசியிருந்தது. வென்டல் வழக்கம்போலத் தோட்டா அடைப்பார்; கார்லா எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பாள்; அவ்வளவுதான். டேல் இதை அடுக்களையில் லோரீன் ஊற்றிக் கொடுத்த காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எந்திரத்துக்கே கோளாறு வருமே, மனிதன் எம்மாத்திரம் என்றும் சொன்னான். லோரீன் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே தட்டைத்தான் துலக்கிக்கொண்டிருந்தாள்.

வென்டல் எழுந்து, "வா," என்றார்.

கொட்டகையில் தொலைபேசி வயரைப் பிடுங்கினார். நாயை வெளியே விட்டார். டேல் சுவரோரம் நிற்க, பலகையின் முதல் வரிசையை முழுதாக அடைத்தார். நிமிர்த்தி, அளந்து, வழித்து, கொட்டி, தட்டி. விளக்கை இழுத்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். குண்டு வைத்து முடித்ததும் தராசை டேல் பக்கம் தள்ளினார். டேல் நிறுத்தான். முள் ஒரே இடத்தில் வந்து வந்து நின்றது.

டேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, வென்டல். ஒண்ணுகூட மாறல. அன்னிக்கு யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்க, கவனம் சிதறியிருக்கும்."

"யாரும் கூப்பிடல."

"நாய் கொரைச்சிருக்கும்."

"இல்ல டேல்." வென்டல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "தப்பு பண்ணுனது எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் பயப்பட மாட்டேன். பிரிச்சுப் போட்டுட்டு மறுபடி அடைப்பேன். எத்தனையோ தடவ அப்படிச் செஞ்சிருக்கேன். அன்னிக்கும் இதே மாதிரிதான் வெளக்க இழுத்து வச்சு ஒவ்வொண்ணா பாத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு." அவர் பலகையைக் காட்டினார். "எல்லாத்துலயும் மருந்து இருந்துச்சு. இப்ப இதுல எப்படிப் பாத்தேனோ, அதே மாதிரி அதுலயும் பாத்தேன்."

கார்லா நிறுத்துப் பார்ப்பாளே என்று டேல் மறுபடி தொடங்கினான்.

"அவ ஒரு நாள் அசந்தா? என் கை பட்டதுன்னு நம்பி விட்டுட்டா? வருசக்கணக்கா நம்பித்தானே நீங்க யாரும் நிறுக்கல." அவர் சிரிக்கப் பார்த்தார். "நாளைக்கு நீ சொன்னதையே நான் மறந்துட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி இங்க வந்து உக்காருவேன். இன்னிக்கு எனக்குத் தெரியுது. இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடு."

கதவுக்கு வெளியே லோரீன் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது. அவள் உள்ளே வந்து, டேலின் கையில் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

டேல் மருந்து டப்பாவின் மூடியைத் திருகிப் பெட்டியில் வைத்தான். தராசு, மரப்பலகை, கொழுப்பு டப்பா. ஒவ்வொன்றாக எடுக்கும்போதும் வென்டலின் முகத்தைப் பார்த்தான். வென்டல் தலையசைத்தார். கடைசியில் பித்தளைக் குப்பி மட்டும் பாக்கி. அது அவர் கையிலேயே இருந்தது.

டேல் கையை நீட்டினான். அவர் அதைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. பிறகு நிமிர்த்தி, காலிக் குப்பியின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, சிந்தாமல் நீட்டினார்.