கதவு விடாத முந்தானை

ஜப்பானில் புறநகர் ரயில் பெட்டிகளை வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில், கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் எனக்கு வேலை. புது ரயில் ஒன்றின் வடிவமைப்பு முடிந்திருந்தது. வசந்தத்தில் ஓடத் தொடங்கும் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. என் பங்கு தீர்ந்தது என்ற நிம்மதியோடுதான் அந்தப் பொங்கலுக்கு மரக்காணம் வந்தேன்.

வீட்டில் அண்ணனும் அண்ணியும் மட்டும். அண்ணிக்கு உப்பளத்தில் கூலி வேலை. பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் நேரம் அது. ஒரு நாள் வேலைக்குப் போகாமல், பொங்கலுக்குத் துணி எடுக்க என்னோடு திண்டிவனம் வந்தார். திரும்பும்போது பெருமுக்கல் தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. பேருந்தில் நிற்க இடமில்லை. பின்வாசலுக்குப் பக்கத்தில், கதவு மூடும் ஒவ்வொரு முறையும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வந்தோம். தானாக மூடும் கதவு. என் தொழில் புத்தி, அதன் ரப்பர் விளிம்பு தேய்ந்து பளபளத்ததைக் கவனித்தது.

எங்கள் நிறுத்தத்தில் பைகளோடு முதலில் நான் இறங்கினேன். பின்னால் அண்ணி இறங்கினார். கதவு மூடியது. பேருந்து நகர்ந்தது. அண்ணியும் அதோடு நகர்ந்தார்.

நனைந்த முந்தானை கதவிடுக்கில் மாட்டியிருந்தது. நைலக்ஸ் புடவை, கிழியவில்லை. தோளில் குத்தியிருந்த ஊக்கும் விடவில்லை. அண்ணி ஒரு கையால் கழுத்தருகே புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடினார். பைகளைப் போட்டுவிட்டு நானும் ஓடி, பேருந்தின் தகரத்தை அறைந்தேன்.

"நிறுத்துங்க! ஆளு மாட்டிக்கிச்சு! நிறுத்துங்கய்யா!"

உள்ளே யாரோ கத்தினார்கள். பாட்டுச் சத்தத்தில் ஓட்டுநருக்கு எதுவும் எட்டவில்லை. அண்ணியின் கால் தடுக்கியது. அதற்குப் பிறகு அவர் ஓடவில்லை, இழுபட்டார். பின்சக்கரம் அவர் காலுக்கு எவ்வளவு பக்கத்தில் சுழன்றது என்பதை நான் பார்த்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்தச் சக்கரம்தான் வருகிறது.

எதிரே மீன்கூடையோடு டிவிஎஸ் வண்டியில் வந்த ஒருவர்தான் காப்பாற்றினார். பார்த்ததும் வண்டியை நடுரோட்டில் குறுக்கே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பேருந்து அவர் முன்னால் குலுங்கி நின்றது. கதவு திறந்ததும் அண்ணி ரோட்டில் சரிந்தார்.

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. முழங்காலிலிருந்து பாதம் வரை தோல் உரிந்திருந்தது. கழுத்தில் புடவை அறுத்த கோடு. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார்.

"கண்ணாடியில தெரியலம்மா. கதவு லைட்டு அணைஞ்சிடுச்சி. மூடியாச்சின்னுதானே எடுத்தேன்!"

கூடியவர்கள் அவரை அடிக்கப் பாய்ந்தார்கள். எனக்கு அவர் சொன்னது மட்டும் காதில் நின்றது. எங்கள் ரயிலிலும் அப்படித்தான். கதவு மூடிவிட்டதாக விளக்கு காட்டும், ஓட்டுநர் வண்டியை எடுப்பார். கையோ பையோ மாட்டினால் கதவு உணர்ந்து திறந்துகொள்ளும். மெல்லிய துணி மாட்டினால் உணராது. அதற்காகவே, கதவு மூடிய பின் சில வினாடிகளுக்கு அதன் அழுத்தத்தைத் தளர்த்தி வைத்திருந்தோம், மாட்டியதை ஆள் இழுத்துக்கொள்ளட்டும் என்று. இழுத்தால் வந்துவிடுகிறது என்று சோதித்தும் இருந்தோம். உலர்ந்த துணியில்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு அண்ணி கேட்டார்: "ஏம்மா, உங்க ரயில்ல மாட்னா கதவு தானா தொறந்துக்கும்னு சொன்னியே, இதுக்கும் தொறக்குமா?"

"கை மாட்டினா தொறக்கும் அண்ணி. துணின்னா அதுக்குத் தெரியாது. இழுத்தா வந்துடணும்."

"நானுந்தான் இழுத்தேன்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. வலியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விடுப்பை நீட்டித்தேன். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மறுநாள் உப்பள வரப்புக்குப் போய் குழுத் தலைவரை அழைத்தேன். நடந்ததைச் சொல்லி, நனைந்த துணியை வைத்து ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றேன்.

"பெட்டிகள் தொழிற்சாலையை விட்டுப் போய்விட்டன. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். எங்கள் ஊரைப் போல அங்கேயும் மழையில் நனைந்தவர்கள்தான் ஏறி இறங்குவார்கள்."

"உங்கள் அண்ணி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். சொன்னேன். "திங்கட்கிழமை பார்ப்போம்" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அதே வரப்பில் நின்று, வெயிலுக்குத் துப்பட்டாவைப் போர்த்தி அதற்குள் போன் திரையைப் பார்த்தேன். வீடியோவில், ஜப்பான் சோதனைக்கூடத்தில் ஒற்றைக் கதவு ஒன்று. நான் சொன்னபடி, புடவையைப் போலவே வழுவழுப்பான துணி வாங்கி வைத்திருந்தார்கள். உலர்ந்த துணி முதலில். கதவு மூடியது, சக ஊழியர் இழுத்தார், சுலபமாக வந்துவிட்டது. எல்லோரும் தலையசைத்தார்கள்.

"இப்போது நனையுங்கள்" என்றேன்.

கதவு மூடியது. அவர் இழுத்தார். பாதி வந்த துணி ரப்பரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. காலை ஊன்றி மறுபடி இழுத்தார். அதற்குள் தளர்வு நேரம் முடிந்து கதவு இறுகியது. விளக்கு எரிந்தது, வண்டியை எடுக்கலாம் என்று.

என் பக்கத்துப் பாத்தியில் பெண்கள் மிதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "இன்னொரு முறை" என்றார் தலைவர். மறுபடியும் அப்படியே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தேதியை மாற்றமுடியாது. ரப்பரை மாற்றலாம்."

அதன்பின் வந்த வாரங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. அண்ணி எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஜப்பான் திரும்பினேன். ரப்பரின் விளிம்பில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் வைத்தோம், ஈரத்துணி ஒட்டாதபடி. முதல் வார்ப்பு கிழிந்தது. அடுத்தது கதவையே சரியாக மூடவிடவில்லை. தளர்வு நேரத்தையும் நீட்டக் கேட்டோம். ரயிலை ஓட்டும் பிரிவினர் ஒப்புக்கொள்ளவில்லை. நிலையத்துக்கு நிலையம் வினாடிகள் சேர்ந்தால் கால அட்டவணை குலையும் என்றார்கள். கூட்டங்களில் குரல் உயர்ந்தது. கடைசியில், கேட்டதில் பாதி கொடுத்தார்கள். புது ரப்பரில் நனைந்த துணி ஒவ்வொரு முறையும் வந்தது. அறிமுகத்துக்கு முந்தின வாரம்தான் கடைசிப் பெட்டிக்கு மாற்றி முடித்தோம்.

முதல் நாள் மழை. காலையிலிருந்து அந்த ரயிலிலேயே கதவோரம் நின்று பயணம் செய்தேன். படம் எடுப்பவர்களும் பூங்கொத்தோடு வந்தவர்களும் அலுவலகம் போகிறவர்களும் நெருக்கியடித்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு மூடும்போது என் கண் கதவை விட்டு ஆட்களின் உடை விளிம்புகளிலேயே இருந்தது: கோட்டு விளிம்பு, கழுத்துத் துணி, குடை நாடா. வண்டி நகர்ந்து நடைமேடை பின்னால் போகும்வரை மூச்சு விடமாட்டேன். நண்பகல் வரை எதுவும் நடக்கவில்லை. தலைவர் இன்னொரு கதவோரம் அதே மாதிரி நிற்பதைப் பார்த்தேன். ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டோம்.

ரயிலுக்குள் போன் பேசுவது அங்கே வழக்கமில்லை. ஒரு நிலையத்தில் இறங்கி, நடைமேடையில் நின்று அண்ணியை வீடியோவில் அழைத்தேன். அவர் மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். திண்டிவனம் போக வேண்டுமென்றால் அண்ணனோடு வண்டியில்தான் போவார். பேருந்தில் இன்னும் ஏறவில்லை.

"இதான் அந்த ரயிலா? புதுசா பளிச்சுனு இருக்குது."

"கதவு மூடப்போகுது அண்ணி, பாருங்க."

கதவுகள் அசைந்ததும் திரையில் அண்ணியின் கை அவர் கண்ணை மறைத்தது.

"மூடிக்கிச்சா?" என்றார். "வண்டி போனப்புறம் சொல்லும்மா. பாக்குறேன்."

ரயில் கிளம்பிப் போனது. போய்விட்டது என்று சொன்னேன். அண்ணி கையை மெதுவாக எடுத்தார்.