பிரகடனத்துக்கு ஒரு கெட்டிமேளம்

கல்யாண கான்ட்ராக்ட் தொழிலில் பந்தல் சரிந்தால்கூடச் சமாளிக்கலாம், சம்பந்தி முறைத்துக்கொண்டால் சமாளிக்க முடியாது. அந்த வேதனை தெரிந்த சக பாவிகளே, கடலூர்க்காரனான எனக்கு உலகம் முழுக்கச் சம்பந்திகள் வாய்த்த கதையைக் கேளுங்கள்.

கடல் ஊருக்குள் ஏறிவருவதைப் பற்றிப் பல தேசத்து மந்திரிகளும் கம்பெனி முதலாளிகளும் பேசும் மாநாடு, சிதம்பரத்தில். பந்தல், பந்தி, மேளம் எல்லாம் என் பொறுப்பு. நல்லபடியாக முடிந்தால் பெரிய மாநாடுகள் வரும். சொதப்பினால் ஆயுசுக்கும் காதுகுத்துதான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், கூடவே பயம்.

எந்த வீடு?

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற என் மனைவி, பழக்கதோஷத்தில் ஒரு தீவு நாட்டு மந்திரியிடம், "பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டுவிட்டாள். என்ன வித்தியாசம் என்று அவர் மொழிபெயர்ப்புப் பெண் மூலம் விசாரித்தார். "பொண்ணு வீட்டுக்காரவுங்க கஷ்டப்படுவாங்க, மாப்ள வீட்டுக்காரவுங்க குத்தம் சொல்லுவாங்க" என்றாள் இவள்.

மந்திரி யோசிக்கவே இல்லை. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பதிலைச் சொன்னாள்: "அப்ப பணக்கார நாடெல்லாம் மாப்ள வீடு. நாங்க பொண்ணு வீடுதாம்மா!"

பந்தி

பந்தி விசாரிப்பது என் மச்சான் சேகர். சாப்பிட்டபடியே பேசித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்த தலைவர்கள் எழுந்திருப்பதாக இல்லை. மச்சான் நம்ம ஊர் வழக்கப்படி, அடுத்த பந்திக்காரர்களை ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். முதுகில் அவ்வளவு பசியை வைத்துக்கொண்டு யார் பேசுவார்கள்? பாயசத்தை ஒரே மடக்கில் குடித்து எழுந்துவிட்டார்கள்.

நான் மன்னிப்புக் கேட்க ஓடினேன். மாநாட்டுச் செயலாளர் அம்மா விறுவிறுவென்று வந்து மச்சானைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நாளைக்கு மேடையில பேசுறவுங்க பின்னாடியும் இப்படி ஆள் நிறுத்த முடியுமா?"

விரல்

கடைசி நாள், கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்து. கடலோர ஊர்களைக் காப்பாற்றுவதாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் காகிதம் அது. தீவு மந்திரி பேனாவைத் திறந்தபோது, பக்கத்திலிருந்த பெரிய நாட்டு மந்திரி ஆட்சேபம் சொல்ல ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் ஸ்ரீமுஷ்ணத்துத் தவில் மாமா. மேடையில் பெரிய மனுஷர் விரலை ஆட்டினால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். பொழிந்து தள்ளிவிட்டார் கெட்டிமேளம்! நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. என் ஆட்கள் அட்சதையைத் தூவ, சபையே எழுந்து கைதட்ட, தீவு மந்திரி கையெழுத்தைப் போட்டுவிட்டார். ஆட்சேபக்காரர் வாய் மட்டும் அசைந்தது. தலையெல்லாம் மஞ்சள் அரிசியோடு சுற்றுமுற்றும் பார்த்தார், தோள்களைக் குலுக்கிச் சிரித்தார், தானும் போட்டார்.

தீவு மந்திரி அழுதேவிட்டார். நானும் அழுதேன், காதுகுத்தை நினைத்து. பெரிய நாட்டு மந்திரி நேரே தவில் மாமாவிடம் வந்து, தான் பேசும்போது ஏன் அடித்தீர்கள் என்று மொழிபெயர்ப்புப் பெண் மூலம் கேட்டார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "நல்ல காரியம் நடக்குறப்ப யாராவது வேண்டாத வார்த்தை பேசுனா காதுல விழக்கூடாதுன்னுதாங்க அடிக்கிறதே!"

அடுத்த மாநாட்டுக்கும் ஆர்டர் வந்துவிட்டது. பந்தலும் பந்தியும் யார் செய்தாலும் பரவாயில்லை, மேளக்காரரை மட்டும் மறக்காமல் அனுப்பிவைக்க வேண்டுமாம்.