முதுகில் ஒரு செம்மண் கை

வெள்ளைச் சட்டையின் முதுகில், இடது தோளுக்குச் சற்றுக் கீழே, செம்மண் பூசிய ஒரு கை பதிந்திருக்கிறது. நான்கு விரல் நேராக, சுண்டுவிரல் மட்டும் கோணலாக. அந்தச் சட்டையை நான் பார்த்தது ஒரே ஒரு சாயங்காலம்தான், முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். ஆனாலும் இன்றைக்கு வெள்ளைத் துணியை மேசையில் விரித்தால் போதும், அந்தக் கை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ரவிக்கையும் சுடிதாரும் குறைந்துபோய், சில வருடங்களாக விளையாட்டு அணிகளின் ஜெர்சிதான் என் சோற்றுக்கு வழி. அவலூர்பேட்டை, அனந்தபுரம் பக்கமிருந்தெல்லாம் கபடிக்காரர்களும் வாலிபால்காரர்களும் வருவார்கள். எல்லோருக்கும் முதுகுதான் முக்கியம். பெயர் பெரிதாக வேண்டும், எண் அதைவிடப் பெரிதாக வேண்டும். சில அணிகள் குறிப்பிட்ட இரண்டு வண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் தைக்க வேண்டும் என்று வந்து நிற்கும். அந்த வண்ணங்கள் எந்தக் கொடியில் இருக்கின்றன என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துணி தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அலமாரியில் அந்தத் துணி கட்டுக் கட்டாக இருப்பது பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியும், அவர் சிரித்துக்கொள்வார். இஸ்திரி போடும்போது மட்டும், இடது தோளுக்குக் கீழே வந்ததும் என் கை ஒரு நொடி நின்றுவிடும். பள்ளி நாட்களில் எங்கள் கேப்டனின் கை விழுந்த இடம் அது.

நாங்கள் விளையாடியது கோ-கோ. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். இரண்டு முனையில் இரண்டு கம்பம், நடுவில் கொஞ்சம் மண் இருந்தால் போதும். ராஜகிரி மலையின் அடிவாரத்தில், கோட்டைக்குள், உடற்பயிற்சிக் கூடம் என்று ஒரு கட்டடத்தைக் காட்டுவார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அங்கே மல்லர்கள் பயிற்சி எடுத்திருப்பார்கள், ராஜா மேலே உட்கார்ந்து பார்த்திருப்பார், ஜெயித்தவனுக்குப் பொன்னும் தோற்றவனுக்கு எலும்பு முறிவும் கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் கூடத்தை விடவும் எங்கள் ஆட்டம் பழையது என்பது என் கட்சி. எனக்கு இதற்கு ஆதாரம் கிடையாது. முதன்முதலில் ஒருவன் இன்னொரு உயிரைத் துரத்தியது பசிக்காக. வயிறு நிறைந்த பிறகும் துரத்தினான் பாருங்கள், அன்றைக்குப் போட்டி பிறந்துவிட்டது. ராஜாக்கள் எல்லாம் பிற்பாடு வந்தவர்கள்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துரத்துகிற அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள் எதிரணிக்காரியைத் துரத்துவாள். அவளால் நடுக்கோட்டைத் தாண்ட முடியாது. எதிரணிக்காரி அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டால், அந்தப் பக்கம் பார்த்துக் குந்தியிருக்கிற தோழியின் முதுகில் பின்னாலிருந்து தட்டி, “கோ!” என்று கத்த வேண்டும். தட்டு வாங்கியவள் எழுந்து ஓடுவாள், தட்டியவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். கை படுவதற்கு முன்னால் எழுந்தால் ஃபவுல். விசில் ஊதிவிடுவார்கள், துரத்துகிறவர்கள் எதிர்த் திசைக்குத் திரும்ப வேண்டும், அதற்குள் பிடிபட வேண்டியவள் தப்பிவிடுவாள். ஆக, குந்தியிருப்பவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. குரல்தான் கேட்கும். பிறகு கை விழும்.

கேப்டன் எங்கள் காலனிப் பெண். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தாள், என்னைவிட ஒரு வகுப்பு மேலே. அவளுடைய நைனாவும் அம்மாவும் வருடத்தில் பாதி நாள் செங்கல் சூளையில் இருப்பார்கள். நீண்ட கை, நீண்ட கால், தொண்டையோ அதைவிட நீளம். அவள் “கோ” என்றால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார் என்று கேலி செய்வோம். கம்பத்தைப் பிடித்துச் சுழலும்போது வழுக்கக் கூடாதென்று அடிக்கடி கையில் மண்ணைத் தேய்த்துக்கொள்வாள். சின்ன வயதில் சூளையில் விழுந்து அவள் சுண்டுவிரல் கோணிப்போயிருந்தது. ஆட்டம் முடிந்து பார்த்தால் எங்கள் எல்லோர் முதுகிலும் கைத்தடம் இருக்கும். மற்றவர்கள் கை யாருடையது என்று சொல்ல முடியாது. அவள் கையை மட்டும் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். புதிதாக அணிக்கு வருகிறவர்களிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவாள்: “சத்தத்துக்கு எழுந்துக்காத. கை படற வரிக்கும் அசையாத.”

அணியில் மிக வேகமானவள் ரைஸ்மில்காரர் மகள். மில்லுக்காரி என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் போட்டு வருவாள், ஓட ஆரம்பித்தால் காற்று. அவளிடம் ஒரே ஒரு குறை இருந்தது. கை படும் முன்னால் எழுந்துவிடுவாள். அவசரக்காரி என்று பி.டி. டீச்சர் திட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஊர்ப் பெண்கள் “கோ” கொடுத்தால் அவள் முன்கூட்டி எழுந்ததே இல்லை, கை விழும்வரை கல்லாக இருந்தாள். கேப்டன் குரலோ என் குரலோ பின்னால் கேட்டால்தான் முதுகை முன்னுக்கு இழுத்துக்கொண்டு பாய்ந்துவிடுவாள். அவள் சட்டையில் கோணல் சுண்டுவிரல் ஒரு நாளும் பதிந்ததில்லை. காலனியிலிருந்து அணியில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அதற்குப் பிறகு அவளுக்கு “கோ” கொடுக்காமல் அவளைத் தாண்டி ஓடிப்போய் அடுத்தவளுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். கேப்டன் அப்படிச் செய்யவில்லை. விசில் ஊதுவார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கொடுத்தாள்.

அந்த வருடம் நாங்கள் மாவட்ட இறுதிப் போட்டிக்குப் போனோம். விழுப்புரத்தில் ஆட்டம். அங்கே ஜெயிக்கிற அணியிலிருந்து விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பார்கள் என்று பேச்சு. சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. கேப்டன் அப்போது பத்தாவது. ஸ்கூல் விட்டு நடந்து வரும்போது என்னிடம் சொன்னாள், “ஜெயிச்சா ஆஸ்டலு. தோத்தா சூளை. நைனா சொல்லிடுச்சி.” அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

போட்டிக்கு முன்னால் பி.டி. டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மில்லுக்காரிக்கு மட்டும் “கோ” கொடுக்காமல் சமாளித்துக்கொள் என்றார். நல்ல மனுஷிதான், அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. கேப்டன் கேட்டாள், “அப்ப எட்டு பேர்ல ஒரு ஆளு பொம்மையா மேடம்?”

அன்றைய பயிற்சியில் கேப்டன் ஒரு காரியம் செய்தாள். தானே போய்க் குந்திக்கொண்டு, மில்லுக்காரியைப் பார்த்து, “நீ குடு” என்றாள். மில்லுக்காரி ஓடி வந்து விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் “கோ” என்றாள். கேப்டன் எழவில்லை. “படல. இன்னொரு வாட்டி” என்றாள். மறுபடி ஓடி வந்தாள். “படல.” மறுபடி. “படல.” கடைசியில் மில்லுக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. ஓங்கி ஒரு அறை விட்டாள், முழு உள்ளங்கையும் முதுகில் விழுந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. கேப்டன் பாய்ந்து எழுந்து கம்பம் வரைக்கும் ஓடித் திரும்பி வந்து, “இப்ப பட்டுது” என்று சிரித்தாள்.

மில்லுக்காரி சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் தளும்ப, “எனுக்கு ஒண்ணும் இல்லடி. எங்கம்மா தினம் சட்டைய பாக்குது. இது யார் கை, அது யார் கைன்னு கேக்குது” என்றாள்.

கேப்டன் கையிலிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், “அது நீயும் உங்கம்மாவும் பாத்துக்கங்க. நான் விரல்ல குடுக்க மாட்டேன். விரல்ல குடுத்தா கோ ஆவாது.”

மறுநாள் மில்லுக்காரி பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சூளைதான் என்று கேப்டன் முடிவு பண்ணிவிட்டாள் போலிருந்தது, அவள் தொண்டையே இறங்கிப்போயிற்று. போட்டியன்று காலையில் விழுப்புரம் பஸ்ஸில் நாங்கள் ஏறி உட்கார்ந்திருந்தபோது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு மில்லுக்காரி ஏறினாள். நேராக முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்டத்தை முழுக்கச் சொல்ல எனக்கு ஞாபகம் இல்லை. கடைசி நிமிடம் மட்டும் இருக்கிறது. இரண்டு அணியும் சமம். எதிரணியில் சடை போட்ட ஒரு குள்ளப் பெண் பிடிபடாமல் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தொட்டால் ஜெயம் எங்களுக்கு. கேப்டன் துரத்துகிறாள். குள்ளப் பெண் வரிசைக்குள் புகுந்து அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் பார்த்து, கைக்கெட்டும் தூரத்தில் குந்தியிருந்தது மில்லுக்காரி ஒருத்திதான். நான் அவளுக்கு அடுத்த கட்டத்தில், எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதனால் கேப்டன் வருவது எனக்குத் தெரிந்தது. கை ஓங்கியிருந்தது. “கோ!” என்று கத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். விசில் வரப்போகிறது என்று காது காத்துக்கொண்டிருந்தது.

விசில் வரவில்லை. பளார் என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணைத் திறந்து திரும்பியபோது மில்லுக்காரி பறந்துகொண்டிருந்தாள், முதுகில் சிவப்பாகக் கேப்டனின் கை. நாலே எட்டில் அந்தச் சடையைத் தாண்டித் தோளைத் தொட்டுவிட்டாள். நாங்கள் கத்திய கத்தலில் எனக்கு இரண்டு நாள் குரல் வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மில்லுக்காரியின் சட்டையைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கோணல் சுண்டுவிரல் அச்சடித்த மாதிரி இருந்தது. என்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டி, “துடைச்சி விடட்டா?” என்று கேட்டேன். “வாணாம், இருக்கட்டும்” என்றாள். சீட்டில் சாய்ந்துகூட உட்காரவில்லை. விழுப்புரம் சாலையில் அவர்கள் மில் வந்ததும் இறங்கினாள். கேட்டில் அவள் அம்மா நின்றிருந்தாள். மகளை உள்ளே விட்டு, அவள் போகிற முதுகையே பார்த்தாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. கேப்டன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

விடுதிக்கு இரண்டு பேரையும் எடுத்தார்கள். கேப்டன் போனாள். மில்லுக்காரியை வீட்டில் அனுப்பவில்லை, பள்ளி முடிந்ததும் திருவண்ணாமலையில் கல்யாணம் செய்துகொடுத்துவிட்டார்கள். கேப்டன் இன்றைக்கு கிருஷ்ணகிரிப் பக்கம் அரசாங்க வேலையில் இருக்கிறாள். பொங்கலுக்குத் தவறாமல் போன் பண்ணுவாள். ஹலோ சொல்ல மாட்டாள், “கோ!” என்பாள். நான் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். அவள் இல்லாத செஞ்சி எனக்கு இன்னும் கொஞ்சம் சத்தம் குறைந்த ஊராகத்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் கோ-கோவை மெத்தை விரிப்பில் ஆடுகிறார்கள், டிவியில் காட்டுகிறார்கள். பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டு பாய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. முட்டி தேயாது, மண் ஒட்டாது, யார் முதுகிலும் யார் கையும் பதியாது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் ஒரு அம்மாள் மகளோடு கடைக்கு வந்தாள். பள்ளி அணிக்கு ஜெர்சி, கோ-கோ. தலையில் நரை, உடம்பு பெருத்திருந்தது, நடையில் மட்டும் அந்தப் பழைய வேகம். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “நீ எனக்குப் பக்கத்து கட்டத்துல உக்காருவியே?” என்றாள். மில்லுக்காரி. மில் இப்போது கல்யாண மண்டபமாம். கேப்டன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள், நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அந்தச் சட்டையைப் பற்றிக் கேட்டுவிட்டேன். “எங்கம்மா ரெண்டு வாரம் எங்கிட்ட பேசல” என்றாள். “நானும் பேசல” என்று சேர்த்துக்கொண்டாள்.

அளவெடுக்க மகளைத் திருப்பி நிறுத்தினேன். கூச்சக்காரப் பெண் போலிருக்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனதுமே தோளைக் குறுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். இரண்டு முறை அப்படி ஆயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மில்லுக்காரி மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேரா நில்லும்மா” என்றாள். “கை படற வரிக்கும் அசையாத.”

பெண் அசையாமல் நின்றாள். நான் இடது தோளுக்குக் கீழே கையை வைத்தேன்.